சிட்னி இரும்பு வளைவு பாலம்: நடுவுல சேர்ற வரைக்கும் ரெண்டு பாதியையும் புடிச்சி வச்சிருந்தது எது?

லெவல்மெசின்_ஹட்டன்:

எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா நம்மாளுங்க குரூப்புங்கள்ல ஒரே படம் சுத்திக்கிட்டு இருக்கு. மேல நம்ம இலங்கை மலைநாட்டு டெமோதர ஒன்பது வளைவு பாலம், கீழ சிட்னி துறைமுகப் பாலம், எது பெரிய வேலைன்னு சண்டை. அந்த சண்டைக்கு நான் வரல. ரெண்டும் வளைவுதான், ஆனா கட்டுன முறை ஒன்னுக்கொன்னு நேர் எதிர், அத தமிழ்ல யாரும் விலாவாரியா எழுதி நான் பாக்கல. நான் சர்வே வேலையில இருக்குறவன், ரோட்டு வேலை சின்ன பால வேலைன்னு மலையிலயே அலையிறவன், இந்த சிட்னி பாலத்த பத்தி கெடைச்சதெல்லாம் படிச்சி வச்சிருக்கேன், அதான் இந்த இழைய போடுறேன்.

அளவ மொதல்ல சொல்லிடுறேன். வளைவு ஒரே எட்டுல 503 மீட்டர் தாண்டுது. உச்சி கடல் மட்டத்துல இருந்து 134 மீட்டர். மொத்த இரும்பு 52,800 டன், அதுல வளைவு மட்டும் 39,000 டன். 1932 மார்ச் 19 திறந்தாங்க. நம்ம ஒன்பது வளைவு பாலம் மொத்த நீளமே 91 மீட்டர், ஒரு வளைவு பத்து மீட்டருக்குள்ளதான் வரும், உயரம் 24 மீட்டர்.

வளைவு எப்படி நிக்கிதுன்னா, மழைக்காலத்துல மலைச்சரிவுல ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு உள்ளங்கையோட உள்ளங்கைய வச்சி ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோங்க. கை கழண்டுடுமான்னு பயமில்ல, கால் வழுக்குமான்னுதான் பயம். வளைவு பாலமும் அதுதான், பாரம் எல்லாம் ரெண்டு காலுக்கும் போயி கரைய வெளியில தள்ளும். கரை தாங்குனா பாலம் நிக்கும்.

ஆனா இதெல்லாம் கை சேர்ந்ததுக்கு அப்புறம் உள்ள கதை. சேர்றதுக்கு முன்ன? டெமோதரயில அதுக்கு வழி இருந்துச்சு. கீழ இருந்து மரத்துல சட்டம் கட்டி, அது மேல கல்லையும் செங்கல்லையும் அடுக்கி, உச்சிக்கல்லு உக்காந்த பொறகு சட்டத்த எறக்கிடுவாங்க. கல் வளைவு எல்லாத்துக்கும் அதான் முறை. சிட்னியில கீழ ஆழமான கடல், பெரிய கப்பல் போற வழி, ஒரு நாள் கூட அடைக்க ஏலாது. கீழ இருந்து முட்டு குடுக்குற பேச்சுக்கே எடமில்ல. அப்ப ரெண்டு கரையில இருந்தும் பாதி பாதி வளைவு அந்தரத்துல நீட்டிக்கிட்டே வரணும், நடுவுல சேர்ற வரைக்கும் பின்னால இருந்து யாராவது புடிச்சி இழுத்து வச்சிருக்கணும்.

புடிச்சி வச்சிருந்தது கேபிளும் பாறையும். ஒவ்வொரு பக்கமும் 128 கேபிள். படம் எடுக்குறவங்க எல்லாம் வளைவதான் எடுக்குறாங்க, என்ன கேட்டா அந்த பாறைக்குள்ள தோண்டுன சுரங்கம் இருக்குதே, அதுதான் அந்த பாலத்தோட பெரிய வேலை.

---

டெமோதர_தம்பி:

அண்ணே மிச்சம் நல்லா எழுதியிருக்கீங்க. நான் ஏஎல் கணிதப் பிரிவு. ரெண்டு கேள்வி இருக்கு. கேபிள பின்னால எதுல கட்டுனாங்க, கொங்கிறீட் கட்டையிலயா? மத்தது, கேபிள் அவ்வளவு பலம்னா பேசாம தொங்கு பாலமே போட்டிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு இரும்பு?

---

லெவல்மெசின்_ஹட்டன்:

நல்ல கேள்வி தம்பி.

கேபிள கட்டையில கட்டல. கரையில மணற்பாறைய சாய்வா கொடைஞ்சு குதிரை லாட வடிவுல சுரங்கம் போட்டாங்க. கேபிள் ஒரு வாயில உள்ள போயி, பாறைக்குள்ள சுத்தி வளைஞ்சு, மத்த வாயில வெளிய வரும். ரெண்டு முனையும் வளைவோட மேல் பக்கத்துல மாட்டியிருக்கும். அப்ப கேபிள் இழுக்குற இழுவைக்கு எதுத்து நிக்கிறது அந்த சுரங்கத்துக்கு நடுவுல இருக்குற முழு பாறைதான். பாறை பேந்து வந்தாதான் வளைவு விழும். வேலை முடிஞ்சதும் கேபிள எடுத்துட்டாங்க, இன்னைக்கு போறவங்க கண்ணுக்கு அது ஒன்னுமே தெரியாது.

ரெண்டாவது, தொங்கு பாலம். இத கட்ட வச்ச அரசாங்க இன்ஜினியர் பிராட்ஃபீல்டுக்கு ரயில் முக்கியம். திறந்தப்பவே ஆறு வழி ரோடு, ரெண்டு ரயில் பாதை, ரெண்டு டிராம் பாதை, ரெண்டு பக்கமும் நடைபாதை. பாரமான கோச்சி (ரயில்) ஒரு ஓரமா போறப்ப தொங்கு பாலம் நெளியும், அந்த காலத்துல அவ்வளவு பாரத்துக்கு அத வெறைப்பா கட்டுறது செலவும் கூட, சந்தேகமும் கூட. அவரு மொதல்ல வச்சிருந்தது கேன்டிலீவர் யோசனை, அதாவது ரெண்டு பக்கமும் கை நீட்டுன மாதிரி நீட்டி நிக்கிற பாலம். 1922ல வெளிநாடு போயி பாலங்கள பாத்துட்டு வந்துதான் வளைவும் செய்ய ஏலும்னு டென்டர்ல சேர்த்தாரு. நியூயார்க்ல 1916ல முடிச்ச ஹெல் கேட் ரயில் பாலம் மனசுல நின்னுச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சி பாருங்க, ஒரே குடும்பம்னு தெரியும், ஆனா அது 300 மீட்டர் கூட இல்ல.

வளைவுக்கு வேண்டிய கரை சிட்னியில இயற்கையாவே இருந்துச்சு, ரெண்டு பக்கமும் கெட்டி மணற்பாறை. அது சேறா இருந்திருந்தா இந்த வடிவமே வந்திருக்காது. எந்த பாலம்னு முடிவு பண்றது கரைதான், இத நான் எங்க போனாலும் சொல்லுவேன்.

---

கொட்டகலை77:

ஒரு விசயத்த விட்டுட்டீங்க. பிராட்ஃபீல்ட் கட்டுனாருன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கணக்கு போட்டது லண்டன்ல இருந்த ரால்ஃப் ஃப்ரீமன். கொந்தரப்பு எடுத்தது மிடில்ஸ்பரோவுல உள்ள டோர்மன் லாங் கம்பெனி. பேரு ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு. நம்ம மலையில ரோடு போட்டவங்க ஒரு ஆள், கல்லுல பேரு வெட்டிக்கிட்டது இன்னொரு ஆள், அதே மாதிரிதான் இதுவும்.

---

லெவல்மெசின்_ஹட்டன்:

அந்த சண்டை பாலம் கட்டி முடியிறதுக்கு முன்னாலயே பத்திரிகையில வந்துடுச்சு. என் அபிப்பிராயத்த சொல்றேன்.

பிராட்ஃபீல்ட் இல்லன்னா பாலமே இல்ல. 1912ல இருந்து அதே நெனப்பா இருந்தவரு, எந்த எடத்துல வரணும், எவ்வளவு பாரம் தாங்கணும், ரயில் எப்படி நகரத்துக்குள்ள போயி சேரணும், டென்டர்ல என்ன கேக்கணும் எல்லாம் அவரு கை. 1922 கடைசியில சட்டம் நெறவேறி, 1924 மார்ச் 24 கொந்தரப்பு கையெழுத்தாச்சு, 42 லட்சம் பவுனுக்கு கொஞ்சம் கூட. ஆனா ஒவ்வொரு துண்டுலயும் எவ்வளவு விசை வரும், எந்த தடிப்புல தகடு, எந்த வரிசையில தூக்கணும், பாதி நீட்டிக்கிட்டு நிக்கிறப்ப என்ன ஆகும், இந்த கணக்கு ஃப்ரீமனும் அவரோட ஆளுங்களும் போட்டது. எடத்துல நின்னு கட்டுனவரு லாரன்ஸ் என்னிஸ். மூணு பேரையும் சேர்த்து சொன்னாதான் நியாயம்.

கணக்கு போட்டவர தள்ளி வைக்கக்கூடாதுன்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. முடிஞ்ச பாலத்துக்கு மட்டும் கணக்கு போட்டா போதாது. பாதி கட்டுன பாலத்துக்கும் போடணும். வளைவு சேர்ந்த பொறகு அதோட மேல் விளிம்பு, கீழ் விளிம்புன்னு இருக்குற ரெண்டு வளைஞ்ச இரும்பு சட்டமும் அழுத்தத்துல இருக்கும். ஆனா நீட்டிக்கிட்டு இருக்குறப்ப மேல் விளிம்பு இழுவைல இருக்கும், கேபிள் அங்கதான மாட்டியிருக்கு. அதாவது அதே இரும்பு கட்டுறப்ப ஒரு வேலை பாக்குது, கட்டுன பொறகு வேற வேலை பாக்குது. ரெண்டுக்கும் தாங்குற மாதிரி செய்யணும். கட்டுறப்ப விழுந்த பாலங்கள் உலகத்துல எவ்வளவோ இருக்கு, அதுல சிலது இந்த கணக்கு தப்புனதாலதான்.

ஃப்ரீமன் சின்ன வயசுலயே விக்டோரியா நீர்வீழ்ச்சி பாலத்து வேலையில இருந்தவரு, 1905ல ஆப்பிரிக்காவுல, ஸாம்பேசி ஆத்து பள்ளத்தாக்குல 128 மீட்டர் உயரத்துல. அங்கயும் ரெண்டு கரையில இருந்து பாதி பாதியா நீட்டி சேர்த்ததுதான். அங்க வெயில்ல இரும்பு நீண்டு நடுத்துண்டு உக்காரல, ராத்திரி குளிர்ந்து விடியக்காலையில சரியா உக்காந்துச்சு.

---

பசறை_டீச்சர்:

தம்பிமாருக்கு வணக்கம். நான் இன்ஜினியர் இல்ல, சரித்திரம் படிப்பிக்கிறேன். பேரு பத்தி கதைக்கிறதால ரெண்டு விசயம் சேர்க்கணும்.

ஒன்னு, கேத்லீன் பட்லர். பிராட்ஃபீல்டோட செயலாளரா சேர்ந்தவங்க, இந்த வேலைக்கு மொதல் மொதல்ல நியமிச்ச ஆளே அவங்கதான். டென்டர் வேலையெல்லாம் பாத்து, 1924ல லண்டனுக்கு போயி அங்க வரைபட வேலை நடக்குறப்ப கடிதப் போக்குவரத்து, தொழில்நுட்ப கேள்வி பதில் எல்லாத்தையும் கையாண்டவங்க. ஒரு பொம்பள அந்த காலத்துல இப்படி ஒரு வேலையில. எங்க பள்ளிக்கூடத்து பொம்பள புள்ளைங்களுக்கு இத நான் ஒவ்வொரு வருசமும் சொல்றேன்.

ரெண்டாவது, வீடு. பாலத்துக்கு ஏறுற ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் எடம் வேணும்னு ரெண்டு கரையிலயும் 800 வீடு வரைக்கும் ஒடைச்சாங்க. வீட்டுக்கு சொந்தக்காரங்களுக்கு நட்டஈடு கெடைச்சுது. வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கு ஒரு சதம் இல்ல. தலைமுறையா அங்கயே இருந்த துறைமுக தொழிலாளிங்க அவங்க.

இத வாசிச்சப்ப எனக்கு நம்ம தோட்டத்து லயந்தான் ஞாபகம் வந்துச்சு. இருநூறு வருசமா இருக்குற எடம், ஆனா காணி உறுதி கையில இல்ல. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு தலவாக்கலை பக்கம் குடும்பங்கள எழுப்பினப்ப மாத்து வீடு குடுத்தாங்க, அதுக்கே எவ்வளவு போராட்டம். பெரிய கட்டுமானம் வருதுன்னா யாரு பேருல காணி இருக்குன்னுதான் நான் மொதல்ல கேப்பேன். பாலத்த நேசிக்கிறதும் இத கேக்குறதும் ஒன்னுக்கொன்னு எதிர் இல்ல. ரெண்டையும் சேர்த்து சொல்லிக்குடுக்கணும்.

---

கொட்டகலை77:

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. செத்தவங்க கணக்கையும் சேர்த்துக்கோங்க. 1,400 பேர் வரைக்கும் வேலை செஞ்சாங்க, 16 பேர் செத்தாங்க. எல்லாரும் மேல இருந்து விழுந்துதான் செத்திருப்பாங்கன்னு நெனப்போம், இல்ல, பாலத்துல இருந்து விழுந்து செத்தது ரெண்டு பேர்தான். இடுப்புல கயிறு இல்ல, கீழ வலை இல்ல. வின்சன்ட் கெல்லின்னு ஒருத்தர் 1930ல கடல்ல விழுந்து வெலா எலும்பு ஒடைஞ்சதோட தப்பி, திரும்ப வேலைக்கே வந்தாரு.

---

சிட்னில_ராகலைக்காரன்:

அண்ணமாரே, டீச்சர், நான் ராகலையில பொறந்து இப்ப சிட்னியில இருக்கேன், வேலைக்கு போறப்ப ரயில்ல இந்த பாலத்த தாண்டித்தான் போறேன். லீவு நாள்ல நடந்தும் போவேன், நடக்குறவங்களுக்கு கிழக்கு பக்கம் பாதை, சைக்கிளுக்கு மேற்கு பக்கம்.

தூரத்துல இருந்து பாத்தா மெல்லிசு கோடு மாதிரி இருக்கும், கிட்ட போனா நம்ப ஏலாது. நடைபாதையில நின்னு கைய நீட்டுனா, வளைவுல இருந்து ரோட்ட தொங்க விட்டிருக்குற தொங்கு தூண்ல தொட ஏலும், முழுக்க இரும்பு தகட்டுங்கள இணைக்கிற ரிவெட் ஆணியோட தலை, உள்ளங்கைக்கு அடங்குற அரை உருண்டை, வரிசை வரிசையா, சாம்பல் பெயின்ட் தடிப்பா ஏறி ஓரமெல்லாம் மழுங்கிப்போயி. கைய வச்சிக்கிட்டு இருக்குறப்ப ரயில் வந்தா நடுக்கம் உள்ளங்கையில தெரியும், பொறகுதான் சத்தம் வரும். மொத்தம் 60 லட்சம் ரிவெட்டாம். பெருசு ஒன்னு மூன்றரை கிலோ.

பாலத்தோட நாலு மூலையிலயும் கல் தூண் நிக்கிது, அதுல தென்கிழக்கு தூணுக்குள்ள 200 படி ஏறி மேல நின்னு பாக்கலாம், கண்காட்சியும் இருக்கு. ஊர்ல இருந்து யாராவது வந்தா நான் அங்கதான் கூட்டிட்டு போவேன்.

---

டெமோதர_தம்பி:

அண்ணே அந்த கல் தூண் நாலும் தான வளைவ தாங்குது? படத்துல பாத்தா வளைவோட முனை அதுக்குள்ள போயி முடியிற மாதிரித்தான் இருக்கு.

---

லெவல்மெசின்_ஹட்டன்:

இல்ல தம்பி. 89 மீட்டர் உயரம், கருங்கல் போர்த்தி கம்பீரமா நிக்கிது, ஆனா வளைவோட பாரத்துல ஒரு கிலோ கூட அந்த மேல் தூணுக்கு போகாது. ராகலைக்காரர் அடுத்த தடவ போனா கிட்ட படம் எடுத்து போடட்டும், வளைவோட மேல் விளிம்பு முடியிற எடத்துக்கும் தூணுக்கும் நடுவுல இடைவெளி தெரியும். அழகுக்கும், பாக்குறவங்களுக்கு தைரியம் வரட்டும்னும் வச்சது.

நெசமான பாரம் கீழ போகுது. வளைவு மொத்தமும் நாலு பேரிங்ல (தாங்கியில) உக்காந்திருக்கு, கரைக்கு ரெண்டு. ஒவ்வொன்னுலயும் 4 மீட்டர் சொச்சம் நீளமான இரும்பு பின், 368 மில்லிமீட்டர் விட்டம். ஒவ்வொரு பேரிங்கும் 20,000 டன் அளவுக்கு சாய்வா கீழ தள்ளுது, அத கொங்கிறீட் வாங்கி பாறைக்கு குடுக்குது. பின் இருக்குறதால வளைவு அந்த எடத்துல லேசா திரும்ப ஏலும். வெயில் ஏறுனா இரும்பு நீளும், நீண்டா வளைவு மேல எழும்பணும், கால் இறுகி இருந்தா இரும்புக்குள்ள தேவையில்லாத விசை ஏறும். பின்ல திரும்ப வுட்டதால உச்சி 18 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறி எறங்கும், ஒன்னும் ஆகாது. உங்க பாடத்துல விசைச் சமநிலை வருமே, ரெண்டு பிணைச்சல் வளைவுன்னு (ரெண்டு காலுலயும் மட்டும் கீல் மாதிரி திரும்புற வளைவு) போட்டு வரைஞ்சு பாருங்க.

அந்த கருங்கல்லு பத்தியும் சொல்லணும். சிட்னியில இருந்து 300 கிலோமீட்டர் தெற்குல மொருயான்னு ஒரு ஊர்ல இருந்து கப்பல்ல வந்துச்சு. கல் வெட்ட ஸ்கொட்லாந்து, இத்தாலி, ஆஸ்திரேலியா கல்தச்சனுங்க 250 பேர் வரைக்கும் குடும்பத்தோட அங்கயே தற்காலிகமா ஒரு குடியிருப்பு போட்டு இருந்தாங்க. கடல் தாண்டி வந்து வேலை எடத்துலயே குடும்பம் நடத்துன கதை, நம்ம பாட்டன் பூட்டன் கதைக்கு ரொம்ப தூரமில்ல.

---

கேங்_மாமா_நானுஓயா:

புள்ளைங்களா, நான் கோச்சி ரோட்டுல கேங் வேலை செஞ்சி பென்சன் வாங்குனவன், பேத்திதான் டைப் பண்ணுது. ரிவெட் பத்தி வந்ததால சொல்றேன், நம்ம மலைநாட்டு லைன்லயும் இரும்பு கர்டர் பாலம் எவ்வளவோ இருக்கு, எல்லாம் ரிவெட் அடிச்சதுதான். ரிவெட்ட சிவக்க காய்ச்சி ஓட்டையில வுட்டு, ஒரு பக்கம் பாரமான இரும்ப வச்சி ஒருத்தன் அமுக்கிப் புடிக்கணும், மத்த பக்கம் அடிச்சி தலை எடுக்கணும். சூடு ஆறுறப்ப ரிவெட் சுருங்கும், சுருங்குறப்ப ரெண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கும், அந்த இறுக்கந்தான் அதோட பலம். சிட்னியில மேல அந்தரத்துல அடுப்பு வச்சி காய்ச்சி, கொறட்டால எடுத்து எறிவாங்களாம், எதுத்தாப்புல இருக்குறவரு வாளியில புடிப்பாராம். தவறுனா கடல்ல.

பழைய ரிவெட் நல்லா இருக்கான்னு பாக்க வழி இருக்கு. சின்ன சுத்தியல் எடுத்து ஒரு பக்கம் தலைய பக்கவாட்டுல தட்டணும், மத்த பக்கத்து தலைக்கும் தகட்டுக்கும் நடுவுல வெரல வச்சிக்கணும். நல்ல ரிவெட்டுன்னா கணீர்னு ஒரு சத்தம், வெரலுக்கு ஒன்னும் தெரியாது. லூசு ரிவெட்டுன்னா சத்தம் செத்துப்போயி இருக்கும், வெரல்ல ஒரு துடிப்பு தெரியும். தட்டாமலே கண்டுபுடிக்கவும் ஏலும், தலைக்கு கீழ துரு கோடு மாதிரி ஒழுகி இருந்தா அது ஆடுது. மழை முடிஞ்ச ஒடன பாத்தா நல்லா தெரியும். இத ஒரு கங்காணி எனக்கு காட்டிக்குடுத்தாரு, நான் எனக்கு பொறகு வந்த பொடியனுங்களுக்கு காட்டிக்குடுத்தேன். 60 லட்சத்த எப்படி பாக்குறாங்களோ, அந்த வேலை செய்யிறவங்கள நெனச்சா எனக்கு மதிப்பு கூடுது.

---

சிட்னில_ராகலைக்காரன்:

மாமா சொன்னத வாசிச்சி மனசு நெறைஞ்சு போச்சு. இங்க நிரந்தரமா பெயின்ட் பண்ற ஆளுங்க, பாத்து பழுது பாக்குற ஆளுங்க இருக்காங்க. பெயின்ட் அடிக்கிற பரப்பு 4,85,000 சதுர மீட்டர்.

அண்ணே அந்த நடுவுல சேர்ந்த நாள பத்தி எழுதுங்களேன், தலைப்புல போட்டுட்டு இன்னும் சொல்லல.

---

லெவல்மெசின்_ஹட்டன்:

வர்றேன். எனக்கு இந்த பாலத்துல ரொம்ப புடிச்ச பகுதியே அதுதான், கொஞ்சம் நீளமா வரும்.

1928 அக்டோபர் 26 தெற்கு பக்கத்துல வளைவு ஆரம்பிச்சாங்க. வடக்கு பக்கம் வேணும்னே கொஞ்சம் பிந்தி, ஏன்னா தெற்குல கத்துக்கிட்டத வடக்குல பயன்படுத்தலாம். துண்டுங்கள வடகரையில மில்சன்ஸ் பொயின்ட் வேலைத்தளத்துல செஞ்சி, படகுல ஏத்தி வளைவுக்கு நேர் கீழ கொண்டாந்து நிப்பாட்டுவாங்க. வளைவோட முதுகுல 580 டன் கிரேன் ஒன்னு நிக்கும், அது தனக்கு முன்னால ஒரு துண்ட தூக்கி மாட்டும், ரிவெட் அடிச்ச பொறகு அந்த துண்டு மேலயே ஊர்ந்து முன்னுக்கு போகும், அடுத்தத தூக்கும். கட்டுற பாலமே கிரேனுக்கு ரோடு. இரும்புல அஞ்சுல நாலு பங்கு இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தது, மிச்சம் ஆஸ்திரேலியா இரும்பு.

1930 ஆகஸ்ட் ஆரம்பத்துல ரெண்டு பாதியும் வந்து நின்னப்ப நடுவுல ஒரு மீட்டர் அளவு இடைவெளி. இது கணக்கு போட்டு விட்ட இடைவெளி. ரெண்டு பாதியையும் இருக்க வேண்டியதுக்கு கொஞ்சம் மேலயும் பின்னாலயும் சாய்ச்சி வச்சிருந்தாங்க, கேபிள தளர்த்த தளர்த்த ரெண்டும் முன்னுக்கு சாய்ஞ்சி சேரணும். ஆகஸ்ட் 7 தளர்த்த ஆரம்பிச்சாங்க. ஒரு பக்கம் 128 கேபிள், ஒவ்வொன்னா கொஞ்சம் கொஞ்சமா, ஒன்னுல மட்டும் பாரம் ஏறிடாம, ராவும் பகலும். இந்த வேலைய செஞ்சவங்க பேரு எங்கயும் பெருசா எழுதல. 250 மீட்டர் நீட்டிக்கிட்டு நிக்கிற இரும்பு, அதுக்கு மேல கிரேன், காத்து, வெயில், அத மில்லிமீட்டர் கணக்குல எறக்குறது. நான் லெவல் மெசின் புடிக்கிறவன், ரோட்டுக்கு அடியில தண்ணி போற ஒரு சின்ன கல்வெர்ட்டுக்கு மட்டம் புடிக்கிறப்பவே வெயில் ஏறுனா அளவு மாறி தலவலி வரும். இவங்க அத ரெண்டு கரையிலயும் ஒரே நேரத்துல செஞ்சாங்க.

ஆகஸ்ட் 19 பின்னேரம் ரெண்டு முனையும் மொதல் தடவ தொட்டுச்சு. பொழுது சாய்ஞ்சி இரும்பு குளிர்ந்து சுருங்குனதும் திரும்ப விலகிடுச்சு. விடல, இன்னும் தளர்த்துனாங்க. ராத்திரி 10 மணிக்கு திரும்ப சேர்ந்துச்சு, அதுக்கு பொறகு விலகல. ஒரு பாதியோட முனையில இருந்த பின் எதுத்தாப்புல உள்ள குழியில போயி உக்காந்துச்சு. மறுநாள் காலையில ரெண்டு கிரேன்லயும் கொடி பறந்தத பாத்துதான் நகரத்துக்கே விசயம் தெரிஞ்சுது. பொருளாதாரம் விழுந்து வேலையில்லாம சனம் திண்டாடுன வருசம் அது, அந்த கொடிய பாத்த சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்.

இதோட முடிஞ்சிடல. கீழ் விளிம்பு தொட்டதும் அது மூணு பிணைச்சல் வளைவு, ரெண்டு காலுலயும் உச்சியிலயும் திரும்பும். அதுக்கு பொறகு உச்சியில மேல் விளிம்புக்குள்ள ஹைட்ரோலிக் ஜாக் வச்சி தள்ளி, கணக்குல சொன்ன விசைய இரும்புக்குள்ள ஏத்தி, அந்த நெலையில இறுக்குனாங்க. அப்பதான் ரெண்டு பிணைச்சல் வளைவா மாறுச்சு. விசைய நாமளே தீர்மானிச்சி உள்ள வைக்கிறது, அந்த காலத்துல அவ்வளவு பெரிய அளவுல, எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

கேபிள கழட்டுன பொறகு, கிரேன் ரெண்டும் நடுவுல இருந்து திரும்பி கரைப்பக்கமா எறங்கிக்கிட்டே ரோட்டுத் தளத்த தொங்க விட்டுச்சு. அதனாலதான் ரோடு நடுவுல ஆரம்பிச்சி கரைக்கு வந்துச்சு.

---

கொட்டகலை77:

அருமை. இப்ப நம்ம கதைக்கு வருவோம். காஷ்மீர்ல செனாப் பாலம் 2025 ஜூன்ல திறந்துட்டாங்க, 467 மீட்டர் வளைவு, ஆத்துல இருந்து 359 மீட்டர் உயரம், ரயில் ஓடுது. அவங்களும் மலை, நாமளும் மலை. நம்ம பக்கம் ஏன் ஒரு இரும்பு வளைவு வரக்கூடாது? டித்வா புயல்ல கோச்சி ரோடு எத்தன எடத்துல அடிச்சிட்டு போச்சு, பள்ளத்த ஒரே எட்டுல தாண்டுனா கீழ என்ன வந்தாலும் பயமில்லயே.

---

லெவல்மெசின்_ஹட்டன்:

ஆசை எனக்கும் இருக்கு. ஆனா செனாப்லயும் கஷ்டம் வளைவுல இல்ல, கரையில. அந்த மலைப்பாறை வெடிப்பு விழுந்து அடுக்கடுக்கா உடைஞ்ச பாறை, நிலநடுக்க பகுதி வேற. அந்த சரிவ உறுதிப்படுத்துற வேலையில பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து பேராசிரியர் மாதவி லதா வருசக்கணக்கா ஆலோசகரா இருந்தாங்க. பாறையில நீட்டு நீட்டு கம்பி ஏத்தி, சிமெந்து கலவை அடிச்சி, தோண்டத் தோண்ட வர்ற பாறைய பாத்து வடிவமைப்ப மாத்திக்கிட்டே போனாங்க. பொறகுதான் பள்ளத்தாக்குக்கு குறுக்க கேபிள் கிரேன் கட்டி வளைவ தூக்குனாங்க.

நம்ம மலையில மேல மண், கீழ உதிர்ந்த பாறை, எங்க கெட்டி பாறை ஆரம்பிக்குதுன்னு துளை போட்டு பாக்காம சொல்ல ஏலாது. மழை பெஞ்சா மேல்மண்ணு முழுக்க நகரும். மீரியபெத்தையில 2014 அக்டோபர் 29 மண்சரிவுல என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை போடுற எடங்கள்ல வளைவோட கால வச்சா, நான் மொதல்ல சொன்ன கால் வழுக்குற கததான். ஆனா கெட்டி பாறை வெளிய தெரியிற பள்ளத்தாக்கும் நமக்கு இருக்கு. விக்டோரியா அணைக்கட்டு 122 மீட்டர் உயரத்துல மகாவலிய தடுத்து நிக்கிது, அது படுக்க வச்ச வளைவு, தண்ணி தள்ளுற தள்ளல ரெண்டு பக்க பாறைக்கு குடுக்குது. கண்டி மாவட்டத்து பாறை அத தாங்குது. அதனால ஏலாதுன்னு நான் சொல்ல மாட்டேன். எடத்த பாறை சொல்லட்டும், மேடையில பேசுறவங்க சொல்ல வேணாம்.

---

பசறை_டீச்சர்:

அந்த எடத்துல யாரு குடியிருக்காங்கன்னும் கேக்கணும் தம்பி.

---

லெவல்மெசின்_ஹட்டன்:

கட்டாயம் டீச்சர். சர்வே கட்டை நடுறதுக்கு முன்னாலயே கேக்க வேண்டியது அது.

---

டெமோதர_தம்பி:

கடைசியா ஒன்னு அண்ணே. இவ்வளவு கணக்கு போட்டு கட்டுனாங்க, சரியா வந்துச்சான்னு எப்படி பாத்தாங்க? சும்மா நம்பி திறந்தாங்களா?

---

லெவல்மெசின்_ஹட்டன்:

1932 பெப்ரவரியில 96 நீராவி என்ஜின கொண்டாந்து பாதையில வாலோட வாலா நிப்பாட்டுனாங்க. வேற வேற மாதிரி அடுக்கி, ஒரு பக்கம் மட்டும், நடுவுல மட்டும், முழுக்கன்னு மாத்தி மாத்தி வச்சி, வளைவு எவ்வளவு எறங்குது, எவ்வளவு திரும்புதுன்னு அளந்து கணக்கோட ஒப்பிட்டு பாத்தாங்க. ஒத்துப் போச்சு. அடுத்த மாசம் திறந்தாங்க. கட்ட எடுத்த கடன் 1988லதான் முழுசா அடைஞ்சுது.

ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏத்துறதுதான் வளைவுக்கு கடினமான சோதனை தம்பி, முழுக்க ஏத்துறது இல்ல. கால் பங்கு தூரத்துல ஒரு பாரம் வச்சி ரெண்டு பிணைச்சல் வளைவுக்கு படம் போட்டு பாருங்க, எந்தப் பக்கம் எறங்குது எந்தப் பக்கம் எழும்புதுன்னு கண்டுபுடிச்சி இங்கயே போடுங்க, நான் பாத்து சொல்றேன்.